ஆர்டர் பை-ல வேரியபிள் போடறவங்க கவனத்துக்கு

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ரைஸ் மில்லு, நெல் வியாபாரி, சொசைட்டின்னு சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்கறேன். சம்பா அறுவடை வந்துட்டா எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், லிஸ்ட்ட பேரு வாரியா காட்டுங்க, சிப்பம் (நெல் மூட்டை) எண்ணிக்கை வாரியா காட்டுங்க, ஈரப்பதம் 17 சதவீதத்த தாண்டுனதெல்லாம் மேல வரட்டும்னு. உடனே புதுசா வர்ற பசங்க ஃபீல்டு (டேபிளோட காலம்) பேர ஒரு வேரியபிள்ல வாங்கி நேரா ஆர்டர் பை (ORDER BY, லிஸ்ட்ட எத வெச்சு வரிசைப்படுத்தணும்னு டேட்டாபேஸுக்கு சொல்ற இடம்) பக்கத்துல வெச்சிடறாங்க.

அது வேலை செய்யாது. வேரியபிள்ல இருக்கறது வெறும் மதிப்பு, ஃபீல்டு இல்ல. டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வர்னா 1008னு எர்ரர் குடுத்து அங்கயே நிறுத்திடும், மைஎஸ்க்யூஎல் எர்ரரே காட்டாம வரிசைப்படுத்தாத லிஸ்ட்ட நீட்டிடும், அதுவும் டெஸ்ட் டேட்டா தற்செயலா சரியா நின்னுட்டா யாரு கண்ணுலயும் படாது. பிரிபேர்டு ஸ்டேட்மெண்ட்ல (மதிப்பு வர்ற இடத்த காலியா விட்டு முன்னாடியே தயார் பண்ற க்வெரி) அந்த இடத்துக்கு கேள்விக்குறி போட்டாலும் இதேதான்.

இதுக்கப்புறம் பண்றதுதான் எனக்கு பயம். பிரவுசர்லேருந்து வர்ற ஃபீல்டு பேர அப்படியே க்வெரியோட (டேட்டாபேஸுக்கு அனுப்பற கட்டளை) ஒட்டிடறாங்க. எஸ்கேப் பண்ணிட்டோமேன்னு, அதாவது உள்ள வர்ற மேற்கோள் குறிய செயலிழக்க வெச்சிட்டோமேன்னு சொல்லுவாங்க, ஆனா அந்த இடத்துல மேற்கோள் குறியே கிடையாது, எஸ்கேப் எதத் தடுக்கும்? அங்க ஒரு சப்க்வெரிய (க்வெரிக்குள்ள இன்னொரு க்வெரி) நுழைச்சு, வரிசை மாறுதா இல்லையான்னு பாத்தே ஒவ்வொரு எழுத்தா டேட்டாவ உருவிடலாம். அந்த டேபிள்ல விவசாயியோட பேங்க் அக்கவுண்ட் நம்பர் இருக்குங்க, நெல்லுக்கு பணம் ஏறுற அக்கவுண்ட்.

சின்ன லிஸ்ட்டுக்கு கேஸ் (CASE, 'இது கேட்டா இத எடு'ன்னு க்வெரிக்குள்ளயே சொல்றது) போதும்: ஆர்டர் பை கேஸ் வென் @தேர்வு = 'பேரு' தென் விவசாயி_பேரு எண்ட், கமா போட்டு சிப்பத்துக்கு தனி கேஸ். ரெண்டையும் ஒரே கேஸ்ல அடைக்காதீங்க, மைஎஸ்க்யூஎல் நம்பரயும் எழுத்தா மாத்திடும், 100, 25, 9னு ஏறுவரிசை வரும், எஸ்க்யூஎல் சர்வரோ பேரு வாரியா கேக்கும்போது பேர நம்பரா மாத்தப் பாத்து எர்ரர் அடிக்கும். அசெண்டிங் (ஏறுவரிசை), டிசெண்டிங்குக்கும் (இறங்குவரிசை) தனித்தனி கேஸ்தான்.

டேபிள் பெருசுன்னா கேஸ் வேணாம், ஃபீல்டுல இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட, வரிசைப்படுத்த வெக்கற அட்டவணை) இருந்தாலும் கேஸ் போட்டா அது வரிசைக்கு உதவாது. கோடுலயே ஒரு அனுமதிப் பட்டியல் வெச்சு, வர்ற பேரு அதுல இருந்தா பட்டியல்ல நாம எழுதி வெச்ச ஃபீல்டு பேர மட்டும் க்வெரில சேருங்க, ஏறு இறங்குக்கும் ரெண்டே சொல்லு, மத்தது எது வந்தாலும் டீஃபால்ட். எஸ்க்யூஎல் சர்வர்ல கூடவே கோட்நேமும் (QUOTENAME, ஃபீல்டு பேர சதுர அடைப்புக்குறிக்குள்ள வெக்கற ஃபங்ஷன்) போட்டுடுங்க. கடைசியா ஒவ்வொருத்தருக்கும் வேற வேறயா இருக்கற டோக்கன் நம்பரயும் ஆர்டர் பை-ல சேத்துடுங்க, இல்லன்னா லிஸ்ட்ட பக்கம் பக்கமா காட்டும்போது ஒரே ஈரப்பதத்துல நிறைய பேரு இருந்தா முதல் பக்கத்துல வந்தவரே ரெண்டாவது பக்கத்துலயும் வரலாம், இன்னொருத்தரு எதுலயுமே வராம போகலாம்.