சீலியாக்: கோதுமை மா ரொட்டியும் குடலழற்சியும்

மலையகத் தோட்டங்களில் காலைச் சாப்பாடு பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும்தான். மலைக்குப் போகிறவர்கள் பகலுக்கும் அதையே கட்டிக்கொண்டு போவதுண்டு. அதனால், கோதுமை போன்றவற்றால் சிலருக்கு வரும் குடல் நோயைக் குறிக்கும் ‘சீலியாக்’ என்ற சொல் நம் ஆட்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சொல் கிரேக்கம். ‘கொய்லோஸ்’ என்றால் உட்குழிவானது. அதிலிருந்து பிறந்த ‘கொய்லியா’ வயிற்றைக் குறிக்கும். சாப்பிட்டது செரிக்காமல் கழிந்து, உடல் மெலிந்துபோகிறவர்களைப் பற்றிப் பழங்காலக் கிரேக்க மருத்துவர் அரெட்டேயஸ் இந்தச் சொல்லால் எழுதினார். 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ அதே பெயரில் நோயை விவரித்தார். ஆக, பெயருக்குள் இருப்பது வெறும் ‘வயிற்று நோய்’. கோதுமைதான் காரணம் என்று காட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. அவருடைய ஆய்வேடு 1950இல் வந்தது.

கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. லத்தீனில் அதற்குப் பசை என்று பொருள். பிசைந்த மா இழுபடுவது இதனால்தான். தமிழில் ‘பசையம்’ என்கிறார்கள், நல்ல சொல். கொழுந்துக்குப் பச்சை நிறம் தருகிற ‘பச்சையம்’ வேறு.

இந்த நோய் உள்ளவரின் நோயெதிர்ப்புச் சக்தி பசையத்தைப் பகையாக எடுத்துக்கொண்டு, சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. பாடப்புத்தகம் ‘சடைமுளை’ என்று சொல்லுமே, உணவின் சத்தை உறிஞ்சும் அந்த நுண்ணிய முளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. சில பிள்ளைகளுக்கு வயிறு உப்பி, கைகால் மெலியும். பெரியவர்களுக்கு வயிற்றோட்டமே இல்லாமலும் இருக்கலாம். இரும்புச்சத்துக் குளிசை எவ்வளவு போட்டாலும் தீராத இரத்தச்சோகை மட்டும் தெரியும்.

இதைக் ‘கோதுமை ஒவ்வாமை’ என்பது எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வாமை என்றதும் தடிப்பும் அரிப்பும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவதும்தான் மனதில் வரும். அப்புறம், ‘கொஞ்சமாகச் சாப்பிட்டால் என்ன?’ என்ற கேள்வியும் வரும். இங்கே நடப்பது அழற்சி. அழல் என்றால் நெருப்பு. வெளியே தெரியாமல் வருடக்கணக்கில் எரியும். ‘பசையக் குடலழற்சி’ என்றால் காரணமும் இடமும் நடப்பதும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

‘பரம்பரை நோய்’ என்று ஒரேயடியாகச் சொல்வதிலும் கவனம் வேண்டும். டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகள் இல்லாதவருக்கு இது வருவது மிக அரிது. ஆனால் அவை இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க வருவதே இல்லை. கலியாணப் பேச்சில் ‘அந்தக் குடும்பத்துக்கே இருக்கு’ என்று ஒரு பெண்ணை ஒதுக்க இதில் எந்த நியாயமும் கிடையாது. ‘பரம்பரைச் சாய்வு’ என்றால் போதும். ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரும் டாக்டரிடம் கேட்டுப் பரிசோதிப்பது நல்லது.

சந்தேகம் வந்தவுடன் ரொட்டியை நிறுத்திவிடாதீர்கள். பசையம் சாப்பிடுகிற காலத்தில் எடுத்தால்தான் இரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். நோய் உறுதியானபின் கோதுமை, பார்லி போன்ற பசையமுள்ள தானியங்களை ஆயுள் முழுக்க விட வேண்டும்; பாணும் அதில் சேர்த்தி. அரிசி மாவிலும் குரக்கன் மாவிலும் ரொட்டி சுடலாம். பைக்கற்றில் வாங்கும் குரக்கன் மாவில் கோதுமை மா கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.