சதை எடுக்காமல் ரத்தத்திலேயே பார்க்கலாமா?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் மகனோடு வந்திருந்தார். கன்னத்தின் உட்புறம் புண், மூன்று மாதமாக ஆறவில்லை. "புகையிலையை எந்தப் பக்கம் அடக்குவீங்கய்யா?" என்றேன். விரல் தானாக அதே இடது கன்னத்துக்குப் போனது.

சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் மகன் செல்போனை நீட்டினார். வாட்ஸ்அப் விளம்பரம். ரத்தத்தில் ஆர்என்ஏவை, அதாவது செல் தன் டிஎன்ஏவிலிருந்து எடுக்கும் நகலைப் பார்த்தே எந்தப் புற்றுநோயையும் சொல்லிவிடுவார்களாம். "கத்தி வச்சா பரவிடும்ங்கிறாங்க சார், இதையே செஞ்சுடலாமே?"

அதிலிருந்த அறிவியல் முழுப் பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

நம் டிஎன்ஏவில் புரதம் செய்வதற்கான குறிப்பு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மீதியைக் குப்பை என்றே ஒரு காலத்தில் நினைத்தார்கள். அங்கிருந்தும் ஆர்என்ஏ வருகிறது. புரதமாக மாறாது, ஆனால் சும்மாவும் இருக்காது. நம்ம ஊர் பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் கைக்குப் போகும் ஆர்டர் சீட்டுதான் தூது ஆர்என்ஏ. கல்லிலிருந்து இறங்கும் பரோட்டா, புரதம். வழியில் நின்று சில சீட்டுகளைக் கிழித்துப்போடும் ஆள், மைக்ரோ ஆர்என்ஏ. சுமார் 22 எழுத்து நீளம்தான். 1993இல் ஒரு புழுவில் முதலில் தெரியவந்தது. கண்டுபிடித்த ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல்.

அந்த ஆள் வேலைக்கு வராவிட்டால்? ஒருவகை ரத்தப் புற்றில் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்களும் பலருக்குக் காணாமல் போயிருப்பதை 2002இல் பார்த்தார்கள். செல்லைச் சாகவிடாத பிசிஎல்2 புரதத்தின் சீட்டைக் கிழிக்க ஆளில்லை; சாக வேண்டிய செல் சாகாது. மிர்-21 வேறு ரகம். பல புற்றுகளில் அளவுமீறிப் பெருகி, வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் புரதங்களின் சீட்டையே கிழித்துவிடும்.

சரி, சோதனைக்கு வருவோம். புராஸ்டேட் புற்றுக்காக பிசிஏ3 என்ற, புரதமாக மாறாத நீள ஆர்என்ஏவைச் சிறுநீரில் அளக்கும் சோதனைக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் இன்னொரு முறை பயாப்ஸி, அதாவது சதை எடுத்துப் பார்ப்பது, வேண்டுமா என்று முடிவெடுக்கத்தான். வாய்ப்புண்ணுக்கு ரத்தத்தில் ஆர்என்ஏ பார்த்து முடிவு சொல்ல நான் தயாரில்லை. மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணுக்குப் பயாப்ஸிதான்.

சதை எடுப்பதால் பரவிவிடும் என்ற பயமும் வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டுத் துவரம்பருப்பு அளவு சதைதான் எடுப்போம். பெரியவர் முடிந்தபிறகும் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

புற்றுதான். கழுத்து நெறிக்கட்டிகளுக்கு இன்னும் போகவில்லை. அறுவைக்கு நாள் குறித்த பிறகு மகன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த டெஸ்ட்டுக்கு முன்பணம் கட்டிட்டேன் சார். திருப்பித் தருவாங்களா?"