அப்பாவின் ரிவால்வரை மஞ்சள் பையில் தூக்கி வராதீர்கள்

போன வாரம் ஒருவர் எங்கள் துப்பாக்கிக் கடைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள் துண்டு, துண்டுக்குள் ரிவால்வர். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். உரிமம் வைத்திருந்த அப்பா இறந்து ஆறு வருஷமாம். "அண்ணே, வெப்லி, இங்கிலாந்து கம்பெனி. ஆன்டிக் பீஸ். என்ன விலைக்குப் போகும்?"

குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மடக்கித் திறந்தேன். இரண்டு அறைகளில் தோட்டா இருந்தது! இந்த வருஷம் இப்படி வந்தவர்களில் இவர் நாலாவது ஆள்.

இந்த 'ஆன்டிக்' என்ற சொல்லை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் பழசாக இருந்தால் மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். வயசு கணக்கே இல்லை. துரு பிடித்தது கணக்கில்லை. "ஸ்பிரிங் போச்சு, சுடாது" என்பார்கள். ஸ்பிரிங் மாற்ற எனக்கு அரை மணி நேரம் போதும். .32 தோட்டா (குழல் அளவு, அங்குலக் கணக்கில்) இன்றும் விற்பனையில் இருக்கிறது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வரும் அதே தோட்டாவைத்தான் சுடுகிறது. அப்புறம் எங்கே ஆன்டிக்? உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 வருஷம் வரை சிறை. உரிமம் வீட்டுப் பட்டா இல்லை, அப்பா பெயரை அடித்து மகன் பெயரை எழுதிக்கொள்ள.

விலைக்கு வருவோம். அமெரிக்க ஏல விலையைப் போனில் காட்டாதீர்கள். இங்கே வெளிநாட்டுச் சரக்குக்கு மதிப்பு இருப்பதற்குக் காரணம், 1980களின் நடுவில் இறக்குமதி நின்றதுதான். .32 என்றால் சாதாரண உரிமம் உள்ளவர் வாங்கலாம்; .38, .455 தடை செய்யப்பட்ட வகை, வாங்க ஆள் கிடைப்பது அபூர்வம். அதன் பிறகுதான் சிலிண்டர், அதாவது தோட்டா அறைகள் உள்ள உருளை, ஆடுகிறதா, குழலுக்குள் அரிப்பு இருக்கிறதா, துப்பாக்கியில் பொறித்த நம்பர் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இவர் கொண்டு வந்ததில் நம்பர் பாதிதான் தெரிந்தது. குத்துவிளக்கு தேய்க்கும் பொடியைப் போட்டு 'பளபள'வென்று தேய்த்திருக்கிறார்! சரி, வெப்லி மார்க் 4, .32 என்றால் ஆறு அறை இருக்கும், கம்பெனியின் இறகு முளைத்த தோட்டா முத்திரை இருக்கும், சுட்டுச் சோதித்ததற்கான பர்மிங்ஹாம் முத்திரை இருக்கும். இதில் அறைகள் ஐந்து. சிலிண்டரின் பின்னால் முட்டை வடிவத்துக்குள் 'இஎல்ஜி' என்ற எழுத்துகள். அது பெல்ஜியத்தின் லீஜ் நகரத்துச் சோதனை முத்திரை; அந்த ஊர்ச் சரக்கு, வெப்லி இல்லை. இந்த மாதிரி நகல்கள் அந்தக் காலத்தில் ஏராளமாக வந்தன.

தயவு செய்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பீரோவில் கிடைத்தால் விசையைத் தட்டிப் பார்க்க வேண்டாம், தேய்க்கவே வேண்டாம். முதலில் உரிமப் புத்தகத்தைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால், தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை டெபாசிட் செய்த ரசீது எங்காவது இருக்கும். நம்பர் அதில் கிடைத்துவிடும். உடனே ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி டெபாசிட் செய்து ரசீது வாங்குங்கள். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதற்குத்தான். குறித்த காலத்துக்குள் வாரிசு தனக்கு உரிமம் வாங்கலாம், அல்லது உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். விட்டுவிட்டால் அரசுக்குப் போய்விடும்.

இவர் விஷயத்தில் நானே ஸ்டேஷனுக்குப் போன் போட வேண்டியதாயிற்று. "நீங்களே என்னை மாட்டி விட்டுட்டீங்களே அண்ணே" என்று இன்னும் என் மேல் கோபமாக இருக்கிறார்.