கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்

மாசுபட்ட மண்ணையும் தண்ணீரையும் சுத்தம் செய்வது என் வேலை. இப்படி ஓர் அழைப்பு இந்த ஆண்டில் இது மூன்றாவது. வடசென்னையில் பழைய லாரி ஷெட் இருந்த மனை. வாங்கியவர் அஸ்திவாரம் தோண்டியபோது நான்கு அடியிலேயே கறுத்த மண்ணும் டீசல் நாற்றமும். கிணற்றுத் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கியிருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரை வாங்கி, ஒன்றைக் கிணற்றிலும் மற்றதைக் குழியிலும் கொட்டிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு: "நாற்றம் போய்விட்டது சார்."

டீசல் எங்கும் போகவில்லை. குளோரின் நெடி அதை அமுக்கிவிட்டது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2015 வெள்ளம் வடிந்ததும் தெருத்தெருவாக அந்த வெள்ளைத் தூளைத் தூவினார்கள். அது கிருமிக்கு. கிருமி ஓர் உயிர். சிட்டிகை குளோரின் அதன் உடலைச் சிதைத்தாலே செத்துவிடும். டீசலுக்கு உயிர் இல்லை, சாகடிக்க. அதன் ஒவ்வொரு மூலக்கூறையும் உடைத்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்க வேண்டும். காகிதக் கணக்கிலேயே 1 கிலோ டீசலுக்கு, அதை உடைக்கும் ரசாயனமான ஹைட்ரஜன் பெராக்சைடு கலப்பற்றதாக 7 கிலோவுக்கு மேல் வேண்டும். அதுவும் மண் தன் பங்கைத் தின்னாமல் இருந்தால். மக்கிய இலை, வேர், இரும்பு எல்லாம் நமக்கு முன்பே பந்தியில் உட்கார்ந்துவிடும். மூட்டைக் கணக்கு எந்த மூலைக்கு? மேலும், பிளீச்சிங் பவுடர் எண்ணெயோடு சேர்ந்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் குளோரோபார்ம் போன்ற புதிய நஞ்சுகளும் உண்டாகலாம். அவர் குழியில் புகை வந்ததாம். "மருந்து வேலை செய்கிறது" என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்!

இப்படி ரசாயனம் செலுத்தி மாசை உடைக்கும் ஆக்சிஜனேற்றம் மோசமான முறை என்று நான் சொல்லவில்லை. அதில்தான் எனக்குப் பிழைப்பு. ஆனால் மிதக்கும் எண்ணெயை முதலில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பிறகு எந்த மாசு, எந்த ஆழம், எந்த மண் என்று பார்த்துத்தான் மருந்து. உலோகப் பட்டறைகள் கிரீஸ் கழுவும் டிரைகுளோரோஎத்திலீனைப் பெர்மாங்கனேட் என்ற மருந்து நன்றாக உடைக்கும். பெட்ரோலில் உள்ள பென்சீனை அது ஏறக்குறைய சீண்டாது. கடலோர மணலில் மருந்து பரவும். களிமண்ணில் வெடிப்பு வழியே ஓடிவிடும்; உள்ளே தங்கிய மாசு சில மாதங்களில் மெல்லக் கசிந்து மீண்டும் வெளியே வரும். ஒரு முறை சோதித்துவிட்டு 'சுத்தம்' என்று சான்றிதழ் தருபவரை நம்பாதீர்கள்.

தோல் பதனிட்ட இடமென்றால் இன்னும் கவனம். குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு குரோம் தோல் ஆலையால் வந்ததுதான். தோல் பதனிடும் குரோமியம் அத்தகைய மண்ணில் பெரும்பாலும் மூவிணைதிற வடிவில் சாதுவாகக் கிடக்கும். அதை ஆக்சிஜனேற்றி எழுப்பிவிட்டால், நீரில் கரையும், புற்றுநோய் தரும் ஆறிணைதிறக் குரோமியமாகிவிடும். பேட்டரிப் பட்டறை மண்ணில் உள்ள ஈயமும் எந்த மருந்துக்கும் எரிந்து மறையாது.

மனை வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழை முப்பது ஆண்டுக்குப் புரட்டுகிறீர்கள். அது யாருடைய நிலம் என்று சொல்லும், அதில் என்ன கொட்டினார்கள் என்று சொல்லாது. எதிர்வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள்: பங்க் இருந்ததா, லேத் இருந்ததா, சாயப்பட்டறையா? 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய் கசிந்து வீட்டுப் போர்வெல்களில் எண்ணெய் வந்தபோது, பலருக்கு முதல் எச்சரிக்கை மோட்டார் தண்ணீரின் நாற்றம்தான்.

நாற்றம் வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், குளிக்காதீர்கள். காய்ச்சினால் ஆவி உங்கள் சமையலறைக்குள்தான் வரும். கிணற்றருகே தீக்குச்சி கிழிக்கக் கூடாது, உள்ளே ஆள் இறங்கவே கூடாது. தோண்டிய மண்ணை இரவோடு இரவாக ஏரிக்கரையில் கொட்டுபவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில், காற்று இடமில்லாமல் விளிம்புவரை நிரப்பி இறுக மூடிய கிணற்றுத் தண்ணீர். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். எதையும் கொட்டுவதற்கு முன்பு எடுத்ததாக இருக்கட்டும், தயவுசெய்து.