பாடசாலையின் பின்பக்கம்

பாடசாலைப் பரிசோதனைக்குப் போனால் அதிபருக்குத் தலையைக் காட்டிவிட்டு நேரே பின்பக்கம் போவது என் பழக்கம். முன்பக்கச் சுவரில் ‘சூழலைக் காப்போம்’ என்று மரமும் கிளியுமாக அழகாக வரைந்திருப்பார்கள். பின்பக்க வேலியோரம் ஒரு குப்பைக் கிடங்கு இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு வேலை அங்கேதான்.

ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிறிய பாடசாலை. மாரி தொடங்கிய கிழமை. கிடங்குக்குள் பாதி எரிந்த லஞ்ச் சீற்றுகள், அதாவது சோறு கட்டும் பொலித்தீன் தாள்கள், உருகிக் கட்டிபட்டுக் கிடந்தன. அவற்றுக்கு இடையில் யோகட் கப்புகள், முதல் மழைத் தண்ணீரோடு. ஒன்றை எடுத்து வெயிலுக்குச் சரித்துப் பார்த்தேன். அடியில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த கப்பின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக்கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கோடையில் வீசிய கப்புக்கு நாங்கள் மார்கழியில் காய்ச்சலோடு கணக்குத் தீர்க்கிறோம்.

பொலித்தீனைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரிலிருந்து இலங்கையில் சட்டப்படி தடை. லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் அப்போதே தடையானவை. பிளாஸ்டிக் ஸ்ரோ, கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாம் 2023 ஒக்டோபரில் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. வன்னியில் எரிப்பதற்கு இன்னொரு பயமும் உண்டு. மண்ணுக்குள் கிடந்த பழைய வெடிபொருள் குப்பைத் தீயின் சூட்டில் வெடித்த சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. புதிய கிடங்கு வெட்டும்போதும் அதே கவனம் வேண்டும். சிரமதானத்தில் பிள்ளைகளின் கையில் மண்வெட்டியைக் கொடுத்து ‘அங்கால வெட்டுங்கோ’ என்று சொல்லிவிட முடியாது.

சரி, அந்த லஞ்ச் சீற்றுகள் யாருடையவை? பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுங்கள் என்றுதான் என்னை வழக்கமாகக் கேட்பார்கள். நானும் எத்தனையோ வகுப்பு எடுத்தவன். ஆனால் அந்தக் கிடங்கில் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஆசிரியர் ஓய்வறையிலிருந்து வந்தவை. ஆசிரியர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. விடிய முன்னரே வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பஸ் ஏறுகிறவர்கள் எப்போது சமைப்பது? ஆனாலும் ‘பொலித்தீன் வேண்டாம்’ என்று படிப்பித்த ரீச்சர் இடைவேளையில் பார்சலைப் பிரிப்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

அதிபர் ஒரு வழி செய்தார். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பெட்டி. மாலையில் வீடு திரும்பும்போது சந்திக் கடையில் வெறும் பெட்டியைக் கொடுப்பது, காலையில் நிரப்பி வாங்குவது. கடைக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். அப்புறம் லஞ்ச் சீற்று வாங்கும் காசு மிஞ்சுகிறது என்று கண்டதும் சுளிப்பு நின்றுவிட்டது.

பிள்ளைகளின் பக்கம் அவ்வளவு இலகுவில்லை. “ஏன் ராசா, வீட்டுச் சாப்பாடு கொண்டு வரேல்லையோ?” என்று ஒரு பொடியனைக் கேட்டேன். “அம்மா வெள்ளனக் களை பிடுங்கப் போயிடுவா, சேர்” என்றான். அவனுக்குக் கன்ரீன் ரோல்ஸ்தான் காலைச் சாப்பாடு. அவனிடம் பெட்டி கேட்பதைவிட, கன்ரீனில் கழுவி வைக்கும் தட்டைக் கேட்பதுதான் நியாயம். கோயில் அன்னதானத்தில் தாமரை இலையில் சோறு சாப்பிட்டு வளர்ந்த ஊர் இது. பொலித்தீன் இல்லாமல் எப்படி என்று எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீர்ப் போத்தலும் அப்படித்தான். சிறுநீரக நோய்ப் பயத்தில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க விடாத பெற்றோர் இங்கே நிறையப் பேர். குடிக்க நல்ல தண்ணீர் வைக்காமல் ‘பிளாஸ்டிக் போத்தல் கொண்டு வராதே’ என்பது வெறும் அதட்டல். தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டி உள்ள பாடசாலைகளில் அது கழித்துவிடும் தண்ணீர் கணிசமாக இருக்கும். உப்புச் செறிந்த தண்ணீர், செடிக்கு ஊற்றக்கூடாது. மலசலகூடம் கழுவலாம்.

செடி என்றதும் ஞாபகம் வருகிறது. ஜூன் 5 சுற்றாடல் தினத்தில் மரம் நடுவதை நான் ஆதரிப்பதில்லை. சோளகக் காற்று மண்ணைக் காயவைக்கும் காலம் அது. படம் எடுத்த கன்று ஓகஸ்ட் விடுமுறையில் தண்ணீரில்லாமல் பட்டுப்போகும். வடமாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக்கியது யோசித்துச் செய்த வேலை. மழையோடு வேர் பிடித்துவிடும்.

மேலே சொன்ன பாடசாலையும் கார்த்திகையில்தான் நட்டது, கை கழுவும் குழாய்த் தண்ணீர் ஓடும் வழியில். ஆறு கன்றுகள்: வேம்பு, நாவல், மருது, ஒவ்வொன்றிலும் இரண்டு. இரண்டாம் தவணையில் போனபோது ஐந்து நிமிர்ந்து நின்றன. ஆறாவதை மாடு கடித்துவிட்டது. படலையைக் கொளுவாமல் போனது ஏழாம் ஆண்டா எட்டாம் ஆண்டா என்று இரண்டு வகுப்பும் என் முன்னாலேயே சண்டை பிடித்தன.