பங்குனி ஆமையும் மார்ச் 31-ம்

இயற்கைப் பாதுகாப்புக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுத வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு கேட்கலாம் சார்?" நான் ஆடிட்டர். "பணம் எந்த மாசம் கையில வேணும்?" என்று திருப்பிக் கேட்பேன்.

சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம் ஏறத்தாழ ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. நிதியாண்டு முடிவதோ மார்ச் 31, சீசன் முடியும் முன்பே. ஒரு மீனவர் குப்பத்துக் குழுவுக்கு முதல் தவணை வந்தபோது மே மாதம். கரையில் ஆமையும் இல்லை, முட்டையும் இல்லை. டார்ச், பொரிப்பகத்துக்கு வலை, மூங்கில் எல்லாம் கடனில் வாங்கி வேலையை முடித்திருந்தார்கள். ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய செலவை ஏற்க முடியாது என்றது நிதி கொடுத்த நிறுவனம். விதிப்படி சரிதான், கடன்தான் அப்படியே நின்றது.

அதனால் பட்ஜெட்டுக்கு முன்னால் மாதக் கணக்கைப் போடுங்கள். பெரிய தவணை டிசம்பருக்குள் வர வேண்டும். மார்ச்சில் மிஞ்சும் தொகையை ஏப்ரலில் செலவழிக்கும் அனுமதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஆமை முட்டையைத் தொடவே வனத்துறை அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்துக்கும் நாள் ஒதுக்குங்கள்.

வெளிநாட்டு நிதி என்றால் பொதுவாக எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். அதற்கு 3 ஆண்டாவது இயங்கியிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கும் வேண்டும். குப்பத்துக் குழுவிடம் அது ஏது? முன்பு பெரிய தொண்டு நிறுவனங்கள் வாங்கிப் பிரித்துக் கொடுக்க வழி இருந்தது. அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. சின்னக் குழுக்களுக்கு அது பெரிய அடி என்பது என் எண்ணம். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கும் வருமான வரித் துறையின் தொண்டு நிறுவனப் பதிவுகளோடு (12ஏ, 80ஜி என்பார்கள்) 3 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். ஆக, வரவு பத்தாயிரமே ஆனாலும் குழுவை இப்போதே பதிவு செய்து, முதல் வருஷத்திலிருந்தே கணக்கைத் தணிக்கை செய்து வையுங்கள்.

அந்தக் குழு இந்த முறை ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. பட்ஜெட்டில் முட்டை தேடும் இரவு ரோந்துக்குக் கூலி என்ற வரியே இல்லை.

"நம்ம கரைக்கு நாமளே எப்படி சார் கூலி கேக்குறது?"

ராத்திரி முழுக்க மணலில் நடந்தவர் விடியற்காலை படகேற முடியாது, அன்றைய வருமானம் போச்சு. நானே அந்த வரியைச் சேர்த்தேன்: நான்கு பேர், 90 இரவு.