சனிக்கிழமை பொம்மைகள்

மும்பை செம்பூரில் குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அப்பாவுக்கு பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை. அவர் வீடு திரும்புவதற்குள் பையன் தூங்கிவிடுவான். அதை ஈடுகட்ட சனிக்கிழமைதோறும் ஒரு பொம்மை. "பிரிச்சு பத்து நிமிஷம்கூட விளையாட மாட்டேங்கிறான் மேடம். அடுத்தது என்னன்னு கேக்கறான்" என்றார் அம்மா.

தாளும் க்ரேயானும் கொடுத்து, ரொம்பப் பிடித்த ஒரு நாளை வரையச் சொன்னேன். ஒரு பெரியவரும் ஒரு சிறுவனும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கன்னத்திலும் நீலநிறக் கண்ணீர். எனக்குப் பகீரென்றது. ஏன் அழுகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"அழல. அன்னைக்கு தண்டவாளத்துல தண்ணி, ட்ரெயின் இல்ல. அப்பா வீட்லயே இருந்தாரு. ரெண்டு பேரும் சாம்பார் வெங்காயம் உரிச்சோம்."

படத்தை வாங்கிப் பார்த்த அப்பா வெகுநேரம் அதைத் திருப்பித் தரவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இந்த ஊரின் வாடகையும் லோக்கல் ரயிலும் ஒரு மனிதனிடமிருந்து எவ்வளவு பிடுங்கிக்கொள்ளும் என்று தெரியும். ஆனால் பொம்மை தருகிற சந்தோஷம் ஏன் தேய்கிறது என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். எந்தப் புதுப் பொருளுக்கும் மனம் சீக்கிரம் பழகிவிடும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். கூட உட்காரும் ஆள் அவ்வளவு எளிதில் பழகிப்போவதில்லை. ஆள் பதில் பேசுவார், தோற்பார், நேற்று சிரிக்காத விஷயத்துக்கு இன்று சிரிப்பார்.

அமெரிக்காவின் டொலேடோ பல்கலைக்கழகத்தில் 36 சிறு குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், விதவிதமாக விளையாடினார்கள். 16 இருந்தபோது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினார்கள். அதனால் நான் முதலில் சொல்வது, முக்கால்வாசிப் பொம்மைகளை மூட்டை கட்டி லாஃப்டில் ஏற்றுங்கள் என்பதுதான். மாதம் ஒருமுறை மாற்றி இறக்கினால் பழசே புதிதாகத் தெரியும்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என எல்லாம் ஒருசேரச் சூழ்ந்த வீட்டுப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் பரிவும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். சின்ன வயதில் தன்மேல் நிலையான பாசம் வைத்த ஓர் ஆள், பாட்டியோ ஆசிரியரோ, அவர்களுக்கு இருந்தார். மீதி இரண்டு பங்கினர் படிப்பிலோ நடத்தையிலோ திணறினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. தாராவியிலிருந்து வரும் தாய்மாரிடம் 'பொருள் முக்கியமில்லை' என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வயிறு நிறையச் சோறு, கிழியாத செருப்பு, நிம்மதியாகப் படுக்க இடம் எல்லாம் பொருள்தான். அவை இல்லாமல் எந்தப் பிள்ளையும் வளரக் கூடாது.

அந்த வீட்டுக்கு நான் கொடுத்த வேலை சின்னது. தினம் காலையில் இருபது நிமிடம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அப்பாவும் பையனும் சமையலறையில். பையனுக்கு நிஜமான வேலை தர வேண்டும், அவன் செய்யாவிட்டால் சட்னியோ சாம்பாரோ நின்றுபோகிற வேலை. வீட்டுக்குத் தன்னால் ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது என்று தெரிந்த குழந்தையின் நடையே மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாவோடு சேடா நகர் முருகன் கோயிலின் 108 படிகளைத் தமிழில் எண்ணிக்கொண்டே ஏறச் சொன்னேன். ஹிந்தியும் மராத்தியும் பேசி வளரும் பிள்ளை எழுபத்தொன்பதில் கட்டாயம் தடுமாறுவான், தாத்தா கைகொடுப்பார்.

கடையில் அடம்பிடித்தால் "இன்னைக்கு வாங்கல" என்று ஒரே முறை, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். "நாங்கல்லாம் சின்ன வயசுல" என்று ஆரம்பிக்க வேண்டாம். "போர் அடிக்குது" என்றால் போனை நீட்டாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் தலையணைகள் கோட்டையாகும்.

ஆறு வாரம் கழித்து வந்தார்கள். முதல் இரண்டு சனிக்கிழமை பொம்மை கேட்டு அழுதானாம், மூன்றாவது வாரம் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் ஒரு புகார் வைத்திருந்தான்.

"அப்பா தோலோட பாதி வெங்காயத்தையும் உரிச்சுத் தள்ளிடறாரு மேடம். நான்தான் சொல்லிக் குடுக்கிறேன்."